மதிப்பிடப்படாத ஆவணங்கள்: ஒரு தேடல் அமைப்பை அளந்தபோது நடந்தது

பின்னணி

பெரிய இயந்திரங்களை இயக்கிப் பராமரிக்கும் ஒரு நிறுவனம். பழுது ஏற்பட்டுச் சரிசெய்யப்படும் ஒவ்வொரு முறையும் பொறுப்புப் பொறியாளர் ஓர் அறிக்கை எழுதிச் சேர்க்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அறிக்கைகள்தான் அந்த நிறுவனத்தின் அனுபவக் களஞ்சியம். இயந்திரம் மறுபடி மக்கர் செய்யும்போது, முன்பு எப்போதாவது இப்படி நடந்ததா, அப்போது என்ன செய்தார்கள் என்று பொறியாளர்கள் அதில்தான் தேடுவார்கள்.

தேடுவதற்குச் சொற்பொருத்த முறையில் இயங்கும் ஒரு தேடுபொறி இருந்தது. அதன் உள்ளே இருந்தது பிஎம்25 என்ற சூத்திரம்: கேட்ட சொல் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது, மொத்தத் தொகுப்பில் அந்தச் சொல் எவ்வளவு அரிது, ஆவணம் எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் கணக்கில் கொண்டு வரிசைப்படுத்துவது. 1990களின் முற்பகுதியில் லண்டனில் உருவான முறை. இன்றும் அதை எளிதில் தோற்கடிக்க முடியாது என்பது துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே.

அதற்குப் பதிலாக, சொற்களை அப்படியே ஒப்பிடாமல் கேள்வியையும் ஆவணத்தையும் எண்வரிசைகளாக (வெக்டர்களாக) மாற்றிப் பொருள் நெருக்கத்தைப் பார்க்கும் புதிய தேடுபொறி ஒன்றை நிறுவனத்தின் மென்பொருள் குழு உருவாக்கியது. நிர்வாகம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. கைவசம் உள்ள சோதனைத் தொகுப்பில், முதல் பத்து முடிவுகளுக்கான என்டிசிஜி மதிப்பில் (பொருந்தும் ஆவணங்கள் பட்டியலில் எவ்வளவு மேலே வருகின்றன என்பதை அளக்கும் எண்) புதியது பழையதை மிஞ்ச வேண்டும், மிஞ்சினால் மாற்றலாம். கேட்பதற்கு நியாயமான நிபந்தனைதான்.

சோதனைத் தொகுப்பு உருவான விதம்

தேடல் அமைப்பை அளக்க மூன்று பொருள்கள் தேவை: ஓர் ஆவணத் தொகுப்பு, கேள்விகளின் பட்டியல், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்ற மதிப்பீடு. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் 1960களில் நடத்திய சோதனைகளிலிருந்து இந்த அமைப்பு மாறவில்லை. அவர் கையாண்டது 1,400 விமானவியல் ஆவணங்கள். அந்த அளவில் ஏறத்தாழ எல்லாவற்றையும் பார்த்துவிட முடியும்.

ஆவணங்கள் லட்சக்கணக்கில் பெருகியபோது அது முடியாமல் போயிற்று. தேடல் அமைப்புகளை ஒப்பிட்டு அளப்பதற்காக 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ட்ரெக் மாநாடுகள் வேறு வழியைக் கைக்கொண்டன. பங்கேற்கும் ஒவ்வோர் அமைப்பும் ஒரு கேள்விக்குத் தரும் முதல் 100 முடிவுகளை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, அந்தத் திரட்டில் உள்ளவற்றை மட்டும் மனிதர்கள் படித்து மதிப்பிடுவார்கள். திரட்டுக்கு வெளியே இருப்பவை பொருந்தாதவை என்று கொள்ளப்படும். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸும் வான் ரைஸ்பெர்கனும் 1975இலேயே முன்வைத்த யோசனை இது. அது ட்ரெக்கில் செல்லுபடியானதற்குக் காரணம் உண்டு. ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல அமைப்புகள் திரட்டுக்கு ஆவணங்களைத் தந்தன. ஒன்றின் கண்ணில் படாதது இன்னொன்றின் கண்ணில் பட்டது.

நமது நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பும் திரட்டு முறையில் உருவானதே. ஆனால் திரட்டுக்குப் பங்களித்தவை பழைய தேடுபொறியும், அதே தேடுபொறியின் சில உள்ளமைவுகளை மாற்றிய இரண்டு வகைகளும் மட்டுமே. உருவாக்கியவர்களைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. அப்போது அவர்களிடம் வேறு தேடுபொறி இல்லை. பழையதன் உள்ளமைவுகளைச் சீர்செய்யவே அவர்களுக்குச் சோதனைத் தொகுப்பு தேவைப்பட்டது. அந்த வேலைக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

முதல் அளவீடு

புதிய தேடுபொறி தோற்றது. நூலிழையில் தோற்றிருந்தால் பேச இடமிருந்திருக்கும். இது தெளிவான தோல்வி.

இதற்கு நேர்மாறான செய்தி பொறியாளர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. முன்னோட்டமாகச் சிலருக்குப் புதியதைக் கொடுத்திருந்தார்கள். இதுவரை பார்த்தே இராத பழைய அறிக்கைகள் கிடைக்கின்றன என்று அவர்கள் சொன்னார்கள். மென்பொருள் குழு இதைப் பிடித்துக்கொண்டது. நிர்வாகம் எண்ணைப் பிடித்துக்கொண்டது. புதுமை மயக்கத்தில் சொல்கிறார்கள் என்றார் ஒரு மேலாளர். அது நடக்காத காரியமும் அல்ல. பிடித்திருக்கிறது என்ற பேச்சை மட்டும் நம்பி அமைப்பை மாற்றியவர்கள் பிறகு கையைப் பிசைந்த கதைகள் உண்டு. இந்த நிலையில்தான் அளவீட்டைச் சரிபார்க்கும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது.

சராசரியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் கேட்டது எளிய கேள்வி: ஒவ்வொரு தேடுபொறியும் தரும் முதல் பத்து முடிவுகளில் எத்தனை ஆவணங்களை எப்போதாவது யாராவது படித்து மதிப்பிட்டிருக்கிறார்கள்? பழையதன் முடிவுகள் அத்தனையும் மதிப்பிடப்பட்டவை. புதியதன் முடிவுகளில் பாதிக்கு மேல் யாருமே பார்க்காதவை. மதிப்பெண் கணக்கிடும் நிரல் அவற்றுக்கெல்லாம் சுழியம் போட்டிருந்தது. ஒரு மாணவனின் விடைத்தாளையே விடைக்குறிப்பாக வைத்துக்கொண்டு அடுத்த மாணவனின் தாளைத் திருத்தியது போன்ற நிலை.

ஒரு கேள்வி, அருகிலிருந்து

"பம்பில் அதிர்வு, இரைச்சல்" என்பது தொகுப்பில் இருந்த கேள்விகளில் ஒன்று. மதிப்பீடு மூன்று படிகளில் இருந்தது: நேரடியாக உதவும் அறிக்கைக்கு 2, ஓரளவு உதவுவதற்கு 1, உதவாததற்கு 0.

பழைய தேடுபொறியின் முதல் பத்து முடிவுகள் வரிசைப்படி பெற்ற மதிப்பீடு: 2, 0, 1, 1, 0, 2, 0, 1, 0, 0. பத்தில் ஐந்து பொருத்தம், துல்லியம் 0.5.

புதியதன் பத்தில் ஆறு மதிப்பிடப்படாதவை. மதிப்பிடப்பட்ட நான்கில் முதலிடத்தில் இருந்தது 1, நான்காவது 2, ஏழாவது 0, ஒன்பதாவது 1. மற்றவற்றுக்குச் சுழியம் என்று கொண்டால் துல்லியம் 0.3.

என்டிசிஜி இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. யார்வலினும் கெகலைனனும் 2002இல் விரிவாக வெளியிட்ட அளவுகோல் இது. ஒவ்வோர் ஆவணத்தின் மதிப்பீட்டையும் அது நிற்கும் இடத்துக்கேற்பக் குறைத்து (இட எண்ணோடு ஒன்றைக் கூட்டி, இரண்டை அடியாகக் கொண்ட அதன் மடக்கையால் வகுத்து) எல்லாவற்றையும் கூட்டுவார்கள். பிறகு அந்தக் கேள்விக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வரிசையின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். பழையதன் கூட்டுத்தொகை 3.96, புதியதற்கு 2.16. இந்தக் கேள்விக்குப் பொருந்துவதாக அதுவரை தெரிந்தவை 2 மதிப்பில் இரண்டும் 1 மதிப்பில் நான்கும். அவற்றைக் கொண்டு அமைக்கும் சிறந்த வரிசையின் தொகை 4.94. ஆகவே பழையதற்கு 0.80, புதியதற்கு 0.44.

அந்த ஆறு அறிக்கைகளையும் எடுத்துப் படித்தோம். இரண்டாம் இடத்தில் இருந்த அறிக்கையில் "அதிர்வு" என்ற சொல்லே இல்லை. "பேரிங் தேய்ந்து, சுழல்தண்டு ஆடியது, மாற்றியபின் ஓட்டம் சீரானது" என்று எழுதியிருந்தார் அதை எழுதியவர். பம்பு அதிர்வதற்கு இதைவிடப் பொருத்தமான அறிக்கை கிடைப்பது அரிது. மூன்றாவது, பம்பும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் அமையாததைப் பற்றியது. அதிலும் கேட்ட சொல் இல்லை. நோயின் அறிகுறியைச் சொல்லித் தேடுபவருக்கு, காரணத்தை மட்டும் எழுதிய அறிக்கை சொற்பொருத்தத் தேடலில் கிடைக்காது. கிடைக்காததால் திரட்டில் சேரவில்லை. திரட்டில் இல்லாததால் சுழியம்.

முன்னிருந்த வழிகள்

மதிப்பிடப்படாதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை நெருக்கி அடுக்கி அளக்கலாம் என்பது முதல் யோசனை. செலவில்லாத வழி. மதிப்பீடு முழுமையற்றபோது என்ன செய்வது என்பதற்குத் துறையில் நல்ல ஆய்வுகள் உண்டு. பக்லியும் வூர்ஹீஸும் 2004இல் முன்வைத்த பிப்ரெஃப் என்ற அளவுகோல், மதிப்பிடப்பட்ட ஆவணங்களுக்கு இடையிலான முன்பின் வரிசையை மட்டும் பார்க்கிறது. நெருக்கி அடுக்கும் முறையைச் சோதித்த டெட்சுயா சகாய், சுழியம் போடும் முறை புதிய அமைப்பைக் குறைத்து மதிப்பிட்டால், நெருக்கி அடுக்குவது அதைக் கூட்டி மதிப்பிடும் போக்குடையது என்று காட்டினார். அதாவது ஒரு பக்கம் சாய்ந்த தராசை மறுபக்கம் சாய்ப்பது. மதிப்பிடப்படாதவை ஒன்றிரண்டாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் என்றால் எஞ்சும் மூன்று நான்கு ஆவணங்களை வைத்து என்ன சொல்ல முடியும்? இந்த வழியைக் கைவிட்டோம்.

உரையைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரலான மொழி மாதிரி ஒன்றைக் கொண்டு விடுபட்டவற்றை மதிப்பிடலாம் என்றது மென்பொருள் குழு. விரைவானது, மலிவானது, இப்போது பலரும் செய்வது. எங்களுக்குத் தயக்கம் இருந்தது. புதிய தேடுபொறியும் அதே வகைத் தொழில்நுட்பத்தில் பிறந்தது. எதை அது பொருத்தம் என்று நினைக்கிறதோ அதையே நடுவரும் பொருத்தம் என்று நினைக்க வாய்ப்பு அதிகம். பழைய தேடுபொறியின் சாயலில் அமைந்த அளவுகோலிலிருந்து தப்பி, புதியதன் சாயலில் அமைந்த அளவுகோலில் போய் விழுவதில் பொருளில்லை. இதைப் பிறகு ஒரு துணைக்கருவியாகப் பயன்படுத்தலாம் என்று ஒத்திவைத்தோம்.

மிஞ்சியது மூன்றாவது வழி: மனிதர்கள் படிப்பது. அனுபவமுள்ள பொறியாளர்களின் நேரம் விலை உயர்ந்தது என்பதால் நிர்வாகம் முகம் சுளித்தது. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. முதல் பத்து இடங்களுக்குத்தான் மதிப்பெண். ஆகவே இரண்டு தேடுபொறிகளின் முதல் பத்து இடங்களில் உள்ள ஓட்டைகளை அடைத்தால் போதும். ஒப்புதல் கிடைத்தது.

மறுமதிப்பீடு

எந்த ஆவணம் எந்தத் தேடுபொறியிலிருந்து வந்தது என்பது மதிப்பிடுபவர்களுக்குத் தெரியக் கூடாது. வரிசை குலைக்கப்பட வேண்டும். ஏற்கெனவே மதிப்பிடப்பட்ட ஆவணங்கள் சிலவும் இடையே கலந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் நிர்வாகம் தயங்கியது. முடிந்த வேலையை ஏன் மறுபடி செய்வது? காரணம், பழைய மதிப்பீட்டைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். புதியவர்களின் கை தாராளமா, இறுக்கமா என்று தெரியாமல் இரண்டு மதிப்பீடுகளையும் ஒரே பட்டியலில் கலந்தால், புதியதன் வெற்றி தேடலால் வந்ததா, தாராளக் கையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இருவர் மதிப்பிட்டார்கள். முதல் சுற்றிலேயே இருவரும் வேறு வேறு பக்கம் போனார்கள். ஒருவர், பழுதைச் சரிசெய்த விதம் அறிக்கையில் இருந்தால்தான் பொருத்தம் என்றார். "அறிகுறி ஒத்துப்போனால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்" என்றார் மற்றவர். இருவரும் சரிதான், இரண்டு விதமாக வேலை செய்பவர்கள், அவ்வளவே. உட்கார்ந்து பேசி, சரிசெய்த விதமும் காரணமும் இருந்தால் 2, அறிகுறியோ காரணமோ மட்டும் ஒத்தால் 1 என்று எழுதிவைத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கிடையே உள்ள ஒற்றுமையை வெறும் விழுக்காட்டில் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. பெரும்பாலான ஆவணங்கள் பொருந்தாதவையாக இருக்கும்போது அந்த விழுக்காடு ஏமாற்றும். இருவரும் ஐந்தில் நான்கைப் பொருந்தாதது என்று குறிப்பவர்களானால், ஆவணத்தைத் திறக்காமலே கண்டபடி குறித்தாலும் 68 விழுக்காடு ஒத்துப்போகும். 80 விழுக்காடு ஒத்துப்போனார்கள் என்றால், தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா அளவில் அது 0.38க்கும் குறைவு. எங்கள் மதிப்பீட்டாளர் இருவரின் கப்பா, விதியை எழுதிய பிறகு, ஏற்கத்தக்க அளவுக்கு வந்தது. முழு ஒற்றுமை வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. ட்ரெக் தொகுப்புகளில் எலன் வூர்ஹீஸ் செய்த ஆய்வில், பொருத்தமானவை என்று இரு மதிப்பீட்டாளர்கள் குறித்தவற்றில் பொதுவாக இருந்தவை பாதிக்கும் கீழே. அப்படியிருந்தும், யாருடைய மதிப்பீட்டை வைத்தாலும் அமைப்புகளின் தரவரிசை ஏறக்குறைய மாறாமலே நின்றது. நாங்களும் இருவர் மதிப்பீட்டையும் தனித்தனியே வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். வெற்றி தோல்வி மாறவில்லை.

இதோடு ஆய்வாளர் சோபல் 1998இல் கையாண்ட சோதனை ஒன்றையும் செய்தோம். திரட்டுக்குப் பங்களித்த ஓர் அமைப்பு மட்டுமே தந்த ஆவணங்களை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த அமைப்பை மறுபடி அளப்பது. அந்த அமைப்பு பங்கேற்காமல் இருந்திருந்தால் என்ன மதிப்பெண் பெற்றிருக்கும் என்பதை அது காட்டும். பழைய தேடுபொறியின் இரண்டு வகைகளிலும் எடுப்பதற்கே எதுவும் இல்லை. மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆவணங்களைத் தந்திருந்தன. காகிதத்தில் மூன்று பங்களிப்பாளர்கள், உண்மையில் ஒருவர்.

புதிய எண்களும் ஒரு கலவரமும்

பம்பு கேள்விக்குத் திரும்பினால், விடுபட்ட ஆறில் நான்கு பொருத்தமானவை: இரண்டாம், மூன்றாம் இடங்களில் இருந்தவை 2, ஐந்தாவதும் எட்டாவதும் 1. புதியதன் துல்லியம் 0.7 ஆயிற்று. கூட்டுத்தொகை 2.16இலிருந்து 5.13க்கு ஏறியது. ஆனால் பொருந்தும் ஆவணங்கள் கூடியதால் சிறந்த வரிசையின் தொகையும் 4.94இலிருந்து 7.11 ஆகிவிட்டது. ஆகவே புதியதன் என்டிசிஜி 0.72, பழையதன் என்டிசிஜி 0.56.

பழையதன் பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேற்று 0.80, இன்று 0.56. எல்லாக் கேள்விகளிலும் இதுபோல் நடந்ததால் அதன் சராசரியும் இறங்கியது. அறிக்கையைப் பார்த்த மேலாளர் ஒருவர் நேராக மென்பொருள் குழுவிடம் போய், "ஓடிக்கொண்டிருந்த தேடுபொறியில் யார் கைவைத்தது?" என்று கேட்டார். யாரும் கைவைக்கவில்லை. இருப்பது தெரியாமலிருந்த ஆவணங்கள் தெரியவந்தன. பழைய மதிப்பெண் எப்போதுமே மிகையாக இருந்தது. இதை விளக்கப் பாதி நாள் போயிற்று. அதன் பிறகு எந்த எண்ணை எழுதினாலும், எந்த மதிப்பீட்டுப் பதிப்பில் கணக்கிட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதினோம்.

மொத்தத்தில் புதியது வென்றது. இது தற்செயலாக வந்த வெற்றியா என்று அறிய, கேள்வி வாரியாக இருந்த வித்தியாசங்களைக் குலுக்கல் முறையில் குறி மாற்றிப் பார்க்கும் சோதனையிலும் வெற்றி நின்றது. மென்பொருள் குழு இனிப்பு வாங்கக் கிளம்பாத குறை.

சராசரிக்குள் மறைந்தது

கேள்விகளை வகை பிரித்தபோது படம் மாறியது. அறிகுறியைச் சொல்லிக் கேட்ட கேள்விகளில் புதியது வெகுவாக முந்தியிருந்தது. வேலைமுறை கேட்ட கேள்விகளில் இரண்டும் ஏறக்குறைய சமம். பிழை எண்ணையோ பாக எண்ணையோ கொடுத்துக் கேட்டவற்றில் புதியது படுதோல்வி. அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் சராசரியில் தெரியவில்லை.

"பிழை எண் 4217" என்று கேட்டால் முதலிடத்தில் 4271க்கான அறிக்கை வந்து நின்றது. பொருள் நெருக்கத்தைப் பார்க்கும் முறைக்கு இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். மதிப்பீட்டில் இதற்கு 0. பம்பு பற்றிக் கேட்டபோது வந்த தொடர்பற்ற அறிக்கைக்கும் 0. ஆனால் இரண்டு சுழியங்களும் ஒன்றல்ல. தொடர்பற்ற அறிக்கையைப் பொறியாளர் ஒரு பார்வையில் தள்ளிவிடுவார். ஓர் இலக்கம் இடம் மாறிய அறிக்கையை அவசரத்தில் சரியானதென்று எடுத்துக்கொண்டு வேறொரு பழுதுக்கான வேலையைத் தொடங்கிவிடக்கூடும். இந்த வேறுபாட்டைக் காட்டும் இடம் எங்கள் அளவுகோலில் இல்லை.

நிபந்தனைப்படி புதியது வென்றுவிட்டது, மாற்றிவிடலாம். மாற்ற வேண்டாம் என்றோம். இரண்டையும் இணைக்கலாம் என்பது எங்கள் பரிந்துரை.

இணைத்த முறை

கோர்மாக், கிளார்க், பியூட்சர் மூவரும் 2009இல் வெளியிட்ட எளிய வழியை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பட்டியலிலும் ஆவணத்தின் இட எண்ணோடு 60ஐக் கூட்டி, அதன் தலைகீழியை எடுத்து, இரண்டு பட்டியல்களுக்கும் கூட்டுவது. இரண்டு தேடுபொறிகளின் மதிப்பெண்கள் வேறு வேறு அளவில் இருந்தாலும் கவலையில்லை. இடம் மட்டுமே கணக்கு.

அறிகுறிக் கேள்விகளில் இது நன்றாக வேலை செய்தது. எண் கேள்விகளில் செய்யவில்லை, அதன் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சரியான அறிக்கை சொற்பொருத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்து, மற்றப் பட்டியலில் இல்லாமலே போனால் அதற்குக் கிடைப்பது 1/61, அதாவது 0.016. ஒன்றில் ஐந்தாம் இடத்திலும் மற்றதில் ஏழாம் இடத்திலும் இருக்கும் சுமாரான அறிக்கைக்கு 1/65 + 1/67, அதாவது 0.030. இரண்டு பேர் அரைமனதோடு சொல்வது, ஒருவர் உறுதியாகச் சொல்வதை வென்றுவிடுகிறது. ஆகவே கேள்வியில் பிழை எண்ணோ பாக எண்ணோ இருந்தால் சொற்பொருத்தத் தேடல் மட்டும், இல்லையென்றால் இணைப்பு என்று ஒரு சிறு விதி சேர்க்கப்பட்டது. அழகான தீர்வு அல்ல. ஆனால் ஏன் அப்படி வேலை செய்கிறது என்று யாரும் விளக்கிவிட முடியும். பராமரிப்பு வேலையில் அதற்கு மதிப்புண்டு.

இணைத்த அமைப்பும் புதிய ஆவணங்களை முதல் பத்துக்குள் கொண்டுவந்தது. மறுபடி ஓட்டைகள், மறுபடி ஒரு சிறு மதிப்பீட்டுச் சுற்று. அதையும் முடித்த பிறகே எண்ணை வெளியிட்டோம்.

பயன்பாட்டுக்கு வந்தபின்

உடனே முழுமையாக மாற்றாமல், பழையதன் முடிவுகளையும் இணைந்ததன் முடிவுகளையும் ஒரே பட்டியலில் முறைவைத்துக் கலந்து காட்டி, எதிலிருந்து வந்தவற்றை அதிகம் திறக்கிறார்கள் என்று பார்த்தோம். மேலே இருப்பதையே மனிதர்கள் அதிகம் சொடுக்குவார்கள் என்பது நன்கறியப்பட்ட சாய்வு. கலந்து காட்டும்போது அந்தச் சாய்வு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. அறிகுறிக் கேள்விகளில் இணைந்ததன் முடிவுகளே அதிகம் திறக்கப்பட்டன. எண் கேள்விகளில் வேறுபாடு தெரியவில்லை, விதிப்படி இரண்டும் ஒரே முடிவுகளைத் தந்ததால் தெரியவும் கூடாது. பயனர்கள் சில நூறு பேர் மட்டுமே என்பதால் இதற்கு மேல் சொடுக்குகளிலிருந்து எதையும் பிழிந்தெடுக்க நாங்கள் முயலவில்லை. சுருக்கத்திலேயே விடை தெரிந்துவிட்டால் பொறியாளர் எதையும் திறக்காமல் போய்விடுகிறார் என்பதும் உண்டு. அதைத் தோல்வியாக எண்ணக் கூடாது. இணைந்த அமைப்பு நிலையான பயன்பாட்டுக்கு வந்தது.

அளக்கப்படாத ஒன்று

இவ்வளவும் முடிந்த பிறகு பாதுகாப்புத் தணிக்கைப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. குறிப்பிட்ட ஒரு வகை வால்வு செயலிழந்த எல்லா அறிக்கைகளும் வேண்டும். புதிய தேடல் எல்லாவற்றையும் தந்துவிடுமா?

எங்களிடம் விடை இல்லை. முதல் பத்து இடங்களை அளந்த எந்த எண்ணும் இதைப் பற்றிப் பேசாது. இருப்பதில் எவ்வளவு கிடைத்தது என்ற மீட்பு வீதம் முற்றிலும் வேறு கேள்வி. அதைக் கண்ணால் பார்த்து ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பிளேரும் மேரனும் 1985இல் வெளியிட்ட ஆய்வைவிடத் துலக்கமான சான்று இல்லை. ஒரு பெரிய வழக்கின் ஏறத்தாழ 40,000 ஆவணங்களில் வழக்கறிஞர்கள் தேடினார்கள். தேவையானவற்றில் 75 விழுக்காடு கிடைத்தால்தான் போதும் என்பது அவர்கள் வைத்த அளவு. அது கிடைத்துவிட்டதாகவே அவர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சுமார் 20 விழுக்காடு. காரணம் நமது பம்பு கேள்வியில் பார்த்ததேதான்: ஒரே நிகழ்வை ஒவ்வொருவரும் வேறு வேறு சொற்களில் எழுதியிருந்தார்கள்.

மாதிரி எடுத்துப் பார்க்கலாமே என்றார்கள். கண்மூடித்தனமாக எடுக்கும் மாதிரி இங்கே உதவாது. 40,000 ஆவணங்களிலிருந்து 300ஐக் குலுக்கல் முறையில் எடுத்துப் படித்து, பொருந்துவது ஒன்றுகூட இல்லை என்று கண்டாலும், 95 விழுக்காட்டு உறுதியோடு சொல்லக்கூடியது விடுபட்டவை சுமார் 1 விழுக்காட்டுக்கு மேல் இராது என்பதுதான். அது 400 ஆவணங்கள். தேடிக் கிடைத்தவை ஐம்பது என்றால் இந்த உறுதியால் என்ன பயன்? அதனால் குறிப்பிட்ட வால்வு பொருத்தப்பட்ட இயந்திரங்களின் அறிக்கைகள் போன்ற, பொருத்தம் செறிந்திருக்க வாய்ப்புள்ள பகுதிகளிலிருந்து மட்டும் மாதிரி எடுக்கும்படி பரிந்துரைத்தோம். பிளேரும் மேரனும் கிடைக்காத ஆவணங்களை மதிப்பிட்டதும் இந்த வகையில்தான். தணிக்கைப் பிரிவு அதற்கென ஒருவரை நியமித்தது. அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை "எல்லாம் கிடைக்கும்" என்று எந்த அறிக்கையிலும் எழுதுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

சோதனைத் தொகுப்பைத் தொடங்கும்போதே அதற்குள் வேறு வகைத் தேடல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நல்ல தேடுபொறியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை; வேறு மாதிரி தவறு செய்வதாக இருந்தால் போதும். மனிதர் ஒருவர் தன் அனுபவத்தால் கைமுறையாகத் தேடித் தரும் ஆவணங்களையும் சேர்க்கலாம். ட்ரெக்கில் அப்படிப்பட்ட கைமுறைத் தேடல்கள்தான் வேறு எவரும் காணாத ஆவணங்களை அதிகம் கொண்டுவந்தன.

மதிப்பெண் அறிக்கையில் என்டிசிஜிக்குப் பக்கத்து நெடுவரிசையிலேயே, முதல் பத்தில் எத்தனை மதிப்பிடப்படாதவை என்ற எண் இருக்க வேண்டும். இதற்கு நிரலில் சில வரிகள் போதும். இது முதல் நாளே இருந்திருந்தால் நிர்வாகமும் மென்பொருள் குழுவும் பகைத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்காது.

நிபந்தனை ஒற்றை எண்ணாக இருக்கக் கூடாது என்பதையும் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. இப்போதுள்ள விதியின்படி, கேள்வி வகை ஒவ்வொன்றிலும் புதியது பழையதைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறங்கக் கூடாது. எண் கேள்விகளில் தவறான எண்ணின் அறிக்கை முதலிடத்தில் வந்தால் அது தனியே எண்ணப்படும், சராசரியில் கரையாது.

மொழி மாதிரியை நடுவராக்கும் யோசனை இன்னும் மேசையில் இருக்கிறது. இரண்டு பொறியாளர்களும் கருத்து வேறுபட்ட ஆவணங்களை முதலில் அதனிடம் கொடுத்து, அது யார் பக்கம் சாய்கிறது, எப்போது சாய்கிறது என்று பார்ப்பதாகத் திட்டம். மென்பொருள் குழுவுக்கு அவசரம், எங்களுக்கு இல்லை.